கப்டனுக்கு ஒரு பூசை

"இது ஆரடி பிள்ளை, கப்டன் யோசுவா எண்டு?"

மரித்தோர் திருநாள் பூசைக்குப் பேர் எழுதுகிறவள் சறோஜா. புலம்பெயர்ந்து வந்த ஊரில், அல்பெர்கேரியாக் கோயிலில் பத்து வருசமாக அந்தக் கொப்பி அவள் கையில்தான். பேர் எழுதாத துண்டு அவளிடம் செல்லாது. ஒழுங்கென்றால் ஒழுங்கு.

துண்டைக் கொடுத்த றோசமலர் சிரித்தாள். "நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை பாட்டன்ரை பாட்டன், அக்கா. அமெரிக்காக்காரர்."

"ஆமியோ?"

"ஊர்க்காவல் படை மாதிரி. அந்தக் காலத்தில கமக்காரர் சேர்ந்து எல்லையைக் காத்தவையாம். இவர் அவைக்குக் கப்டன்."

சறோஜாவுக்குச் சுறுக்கென்றது. இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவை றோசமலர் புதுப்பிக்கிற மாதம் இது. சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். அதற்காக இப்படியும் பந்தம் பிடிப்பாளா ஒருத்தி?

"மன்னாரில எங்கடை வீடுகளை எரிச்சது ஆர்? நீயும் நானும் ஒரே வள்ளத்திலதானே ஓடினனாங்கள். ஆமிக்காரனுக்குப் பூசை எழுத என்ரை கை வராது."

"இவர் எரிக்கேல்லை அக்கா. நான் உடுப்பு மினுக்கேக்கை சிஞ்ஞோரா அவரின்ரை சரித்திரத்தை வாசிச்சுக் காட்டுவா. ஆத்துக்கு அங்காலை பழங்குடிச் சனத்தின்ரை ஊர். அதைக் கொளுத்தச் சொல்லி மேலிடத்துக் கட்டளை. இவர் முதல் நாளே ஆள் அனுப்பி, 'நாளைக்கு வாறம், போங்கோ' எண்டு சொல்லிப்போட்டார். படை போய்ப் பாத்தால் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. பதவியைப் பறிச்சுப்போட்டினம். பிறகு சாகுமட்டும் சோளம் விதைச்சுச் சீவிச்சவராம், சந்தோசமாய்."

"நல்ல மனுசன்தான். அதுக்கு நீ ஏன் பூசை குடுக்கிறாய்?"

றோசமலர் குரலைத் தாழ்த்தினாள். "எங்களை வள்ளம் ஏறச் சொன்னதும் அப்பிடி ஒரு ஆமிக்காரன்தானே அக்கா. முதல் நாள் பின்னேரம் சைக்கிளில வந்து சொல்லிப்போட்டுப் போனவன்."

சறோஜாவின் பேனை நின்றது. அந்தச் சைக்கிள் அவள் வீட்டுப் படலையிலும்தான் நின்றது.

"அப்ப அவனுக்கெல்லோ பூசை குடுக்கவேணும்?"

"போன வருசம் குடுத்தனான். 'ஒரு ஆமிக்காரன்' எண்டு எழுதி. பேரில்லாமல் வாசிக்கேலாது எண்டு நீங்கள்தானே திருப்பித் தந்தனீங்கள். அதுதான் அக்கா, இந்த முறை பேருள்ள ஒருத்தரைக் கொண்டு வந்தனான்."