துக்கம் தீர்ந்தவர்

வேலப்பனும் மங்கையும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மகன் நந்தன் விபத்தில் இறந்த அன்று, துக்க விடுப்புக்காக இருவர் கையிலும் கம்பெனி துக்கத்தை அளக்கும் பட்டையை மாட்டிவிட்டது. பத்தாம் நாள் வேலப்பனின் பட்டை பச்சையாக எரிந்தது. அவருக்குத் துக்கம் தீர்ந்துவிட்டது, நாளை வேலைக்கு வரவேண்டும் என்று செய்தி வந்தது. மங்கையின் பட்டை சிவப்பாகவே இருந்தது.

வேலப்பன் கம்பெனி அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சண்டை போட்டார்.

“எனக்கு இன்னும் தீரலைம்மா. பையன் சட்டையக்கூட மடிச்சு வைக்க முடியல.”

“உங்க தூக்கம், நாடி எல்லாம் சரியா இருக்குதுங்க. நான் மாத்த முடியாதுங்கய்யா,” என்றாள் அலுவலகப் பெண்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை அவர் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பத்தே நாள்ல முடிஞ்சு போச்சுங்களா?”

வேலப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. “நானும் படுத்துட்டா உனக்கு யாரு கஞ்சி வெச்சுக் குடுக்கறது? அதுக்குத்தான் அடக்கிட்டு இருந்தேன்!”

மங்கை எழுந்துபோய் அரிசியைக் களைந்தாள்.

“இனி நான் பாத்துக்கறேன். நீங்க அழுங்க.”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு முயன்றும் அழுகை வரவில்லை.