முப்பதுக்கு மேல்

தியாகதுருகம் சாலையில், தை மாத வெயில் வேன் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. உள்ளே இடஒதுக்கீடு கேட்டு மனு கொடுக்கப் போகிற பதினெட்டுப் பேர். ஓட்டுகிற சின்னக்கண்ணு காலையிலிருந்து குடித்தது ஒரு டீ. குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று சோதிக்கும் எஸ்.ஐ.யும் ஏட்டும் வேனை மறிக்கிறார்கள். கொரோனாவுக்குப் பயந்த ஏட்டு, சானிடைசர் வழியும் கையால் ஊதிப் பார்க்கும் கருவியின் வாயைத் துடைத்து நீட்டுகிறார். சின்னக்கண்ணு ஊதுகிறான். நாற்பத்தெட்டு. முப்பதைத் தாண்டினாலே வழக்கு. லைசன்ஸ் போகும், வேனும் மனுவும் இங்கேயே நிற்கும். “குடிச்சிட்டா ஆள் ஏத்திக்கினு போற?” என்று எஸ்.ஐ. பேனாவைத் திறக்கிறார். சின்னக்கண்ணுவின் மூக்கில் அந்த சானிடைசரின் ஸ்பிரிட் நெடி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. “வாடை என் வாயில இல்ல சார், மெஷின்ல இருக்குது. ஏட்டய்யா ஒரு தபா ஊதட்டும், அப்புறம் எழுதுங்க.” வேனிலிருக்கும் பெண்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார்கள். ஏட்டு சிரிக்கிறார். அடுத்தவன் வாய் வைத்ததாயிற்றே என்று மறுபடியும் சானிடைசர் போட்டுத் துடைத்துவிட்டு, முகக்கவசத்தை இறக்கி ஊதுகிறார். ஐம்பத்திரண்டு. சிரிப்பு அவர் உதட்டிலேயே காய்கிறது. எஸ்.ஐ.யின் பேனா காகிதத்தைத் தொடாமல் நிற்கிறது. சின்னக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு வேனில் சாய்கிறான். “எழுதுங்க சார். அவருக்குதான் ஜாஸ்தி காட்டுது, அவர் பேரை மொதல்ல எழுதுங்க.”