அந்த நாலு மாசம்

“பிரஷர் ஏறியிருக்கு பூமிகா. இந்த மாத்திரையை வேளை தவறாம போடணும்,” என்று கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீட்டு எழுதத் தொடங்கினார்.

“புதுசு வேணாம் டாக்டரம்மா. எங்காலத்து மாத்திரையே எழுதிக் குடுங்க,” என்று குறுக்கே வந்தாள் மாமியார் திலகவதி. “இவ புருசன் வயித்துல இருந்தப்போ எனக்கும் பிரஷர்தான். மெத்தில்டோபான்னு மூணு வேளைக்கும் குடுத்தாங்க.”

ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த பூமிகாவுக்கு எரிச்சலாக வந்தது. விடிகாலையில் எழுந்து எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மருந்திலுமா அத்தை சொல்வதுதான் நடக்க வேண்டும்?

“அது நல்ல மருந்துதாம்மா. ஆனா தூக்கம் தூக்கமா வரும்,” என்றார் டாக்டரம்மா.

“அதுக்குத்தான் கேக்கறேன்!” திலகவதியின் முகம் மலர்ந்தது. “அதைப் போட்டுக்கினு நான் படுத்தா, எங்க ஊட்டுக்காரரு எழுப்பவே மாட்டாரு. சிப்காட்லேர்ந்து வந்து அவரே உலை வெச்சு, கொழம்பு காச்சி, தட்டுல போட்டு ஆற வெச்சுட்டுத்தான் கூப்புடுவாரு. புள்ள பொறக்கற வரைக்கும் நாலு மாசம் அப்படித்தான். எம் புள்ளைக்கு அடுப்பு பத்த வெக்கவே தெரியாது. இவளும் கொஞ்சம் படுக்கட்டுமே!”

பூமிகா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா சிரித்தார். “அந்தத் தூக்கம் ஆரம்பத்துல ஒரு வாரம், பத்து நாள்தாம்மா. அப்புறம் ஒடம்பு பழகிடும்.”

“எனக்குத் தெரியும் டாக்டரம்மா,” என்று குரலைத் தாழ்த்தினாள் திலகவதி. “பாவம், அந்த மனுசனுக்குத்தான் கடைசி வரைக்கும் தெரியாது.”