தலை இல்லாத சிங்கம்

மாமனார் மாத்தளை பஸ்ஸிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கம் இறங்கியபோது, கடைவாசலின் இருபக்கச் சுவரையும் சாக்கு மூடியிருந்தது. கல்லா மேசைக்குப் பின்னாலிருந்து ஜுனைதீன் எழுந்திருக்கப் பார்த்தான்.

கடையும் காணியும் மாமனார் இத்ரூஸ் ஹாஜியாருடையவை. சரக்கும் கவலையும் மட்டும்தான் ஜுனைதீனுடையவை.

பலாபத்வலத் தெருவில் சிங்கம் இல்லாத கடை இது ஒன்றுதான். சிங்கக் குன்றான சீகிரியாவுக்குப் போகிற பஸ்கள் இந்த வழியாகப் போகின்றன என்று தேத்தண்ணிக் கடைக்காரர் முதலில் ஒரு சிங்கம் வரைந்தார். பிறகு எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. சலூன் சிங்கத்துக்குக் கிராப்பு வெட்டியிருந்தது. சைக்கிள் கடைச் சிங்கம் சைக்கிளே ஓட்டியது. சீகிரியாக் குன்றை ஒருநாளும் ஏறிப் பார்க்காதவன்கூட ‘எங்கள் சிங்கம்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

பஸ்காரர்களும் சிங்கத்தைக் கண்ட இடத்தில்தான் பிரேக் போட்டார்கள். ஜுனைதீனோ மிளகும் கறுவாவும் சாதிக்காயும் மணக்க மணக்க வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கு வெசாக் பண்டிகைக் கூட்டம் தொடங்கிவிடும். இந்த முறையும் பஸ்கள் நிற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மாமனார் பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர். மார்க்கத்துக்கு ஆகாதென்று, உயிருள்ள எதன் முகத்தையும் சுவரில் வரைய விடமாட்டார். கலண்டரில் இருந்த கிளியின் தலைமேல் காகிதம் ஒட்டியவர் அவர்.

வழி சொன்னவன் வஹகோட்டை ஊர்ப் பெயின்டர் ஒஸ்வல்ட். வருடாவருடம் கத்தோலிக்கக் கோயில் சுரூபங்களுக்குச் சாயம் பூசுகிற கை.

“சீகிரியாவுல மட்டும் சிங்கத்துக்குத் தலையா இருக்கு, முதலாளி? அது எப்பவோ இடிஞ்சு போச்சு. ரெண்டு பாதந்தான் மிச்சம், நடுவால படி. அதையே நம்ம வாசல்ல போட்டுருவோம்.”

ஜுனைதீனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முகமும் இல்லை, அசல் சிங்கமும் ஆயிற்று. ஹாஜியாரும், முதலில் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று பாதி இறங்கி வந்தார்.

ஆனால் ஒஸ்வல்ட் வேலை செய்த விதம்தான் விளங்கவில்லை. சுவரில் கோடு போடும் முன்பே கல்லா மேசையை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டான். ஜுனைதீனை அதன் பின்னால் உட்காரவைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். உயரம் போதாதென்று கதிரைக்கு அடியில் பலகை வைத்தான். வெள்ளிக்கிழமைக்குத் தாடியைக் கத்தரிக்கப் புறப்பட்டவனை, வேலை முடியட்டும் என்று மறித்தும் விட்டான்.

இப்போது மாமனார் எதிரே நிற்கும்போதும் எழுந்திருக்க விடவில்லை. மாமனார் நிற்க மருமகன் உட்கார்ந்திருப்பது எந்த ஊர் மரியாதை? ஒஸ்வல்ட் தோளில் ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போய்ச் சாக்குகளை உருவினான்.

வாசலின் இருபக்கமும் மஞ்சள் பாதங்கள், முழ நீள நகங்களோடு.

தெரு திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தது. எதிர்ச் சலூனில் பாதித் தலை வெட்டியிருந்த ஒருவர் போர்வையோடு வெளியே வந்து சிரித்தார்.

கோழிக்கால் மாதிரி வந்துவிட்டதோ என்று ஜுனைதீன் பதறிப்போனான்.

மாமனார் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாதங்களைப் பார்த்தார், நடுவிலுள்ள வாசற்படியைப் பார்த்தார், பிறகு ஜுனைதீனைப் பார்த்தார். தெருவைக் கடந்து வந்தார்.

“தலை இருக்குதே, ஒஸ்வல்ட்.”

“நான் பாதம் மட்டுந்தான் வரைஞ்சேன், ஹாஜியார்,” என்றான் ஒஸ்வல்ட், தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

எந்தத் தலை என்று ஜுனைதீன் வெளியே எட்டி எட்டிப் பார்த்தான். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, சலூன்காரர் தம் பெரிய நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிர்ப்பக்கம் நின்று பிடித்தார்.

அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நடுவில் படி. படிக்கு மேலே, சரியாக இருக்கவேண்டிய இடத்தில், காதுவரை சிலிர்த்த தாடியோடு ஜுனைதீனின் தலை.

எல்லாம் போச்சு என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். சுண்ணாம்பு அடித்து அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூட யோசித்துவிட்டான்.

மாமனார் குனிந்து அந்த முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார்.

“இது அல்லாஹ் வரைஞ்சது. அழிக்கச் சொல்ல எனக்கு ஏலா,” என்றார். அடுத்த பஸ்ஸின் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “கண்ணத் திறங்க மருமகன். சிங்கம் தூங்குதுன்னு நினைச்சிருவாங்க.”