சுருங்கும் உருண்டைகள்

மாரீஸ்வரன் வசமாக மாட்டிக்கொண்டார். லேபில் சாம்பிள் பாட்டில் திறந்திருந்தது. அவருடைய விரல்கள் பாட்டிலின் வாய்க்குள் இருந்தன.

“அண்ணா, என்ன பண்றீங்க?”

வாசலில் பானுமதி. மாட்டுங்காவில் உள்ள அந்த காலேஜில் பிஎச்.டி. பண்ணுகிற பெண். மாரீஸ்வரன் அதே லேபின் அட்டெண்டர். தாராவியிலிருந்து நடந்தே வருகிறவர்.

“ஒண்ணுமில்ல மேடம். தூசி தட்டுதேன்.”

“பாட்டிலுக்கு உள்ளயா?”



பாட்டிலில் இருந்தவை சர்க்கரை உருண்டைகள். வாயில் போட்டு மெல்லுகிற சமாச்சாரம் இல்லை. சுழலும் ட்ரம்மில் சர்க்கரைத் துகளைப் போட்டு, பாகைப் பீய்ச்சிப் பீய்ச்சி, காயவைத்து, கடுகு சைசுக்கு வளர்த்தெடுத்தவை. பிற்பாடு இதன்மேல் மருந்து பூசி கேப்ஸ்யூலுக்குள் அடைப்பார்கள். எல்லாம் ஒரே சைசில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நோயாளிக்கு மருந்து கூடும், இன்னொருவருக்குக் குறையும்.

பானுமதி உருட்டியது கிட்டத்தட்ட ஒரே சைசில்தான். ஆனால் ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் சராசரி சைஸ் குறைந்துகொண்டே வந்தது. அவள் பாத்ரூமில் போய் அழுதாள். அவளுடைய கைடு கணேசபாண்டியன் சாருக்கோ தலைகால் புரியவில்லை.

“வெச்ச இடத்துலயே தானா சுருங்குதும்மா. உலகத்துல எவனும் பார்த்ததில்ல.”

அதற்கு ‘தன்னிச்சைச் சுருக்கம்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிற கமிட்டி முன்னால் அதைப் பற்றித்தான் பேசப்போகிறார். பெயர் வைக்கிற அவசரத்தில் காரணம் தேட மறந்துவிட்டார்.

காரணம் இப்போது கையும் பாட்டிலுமாக நிற்கிறது.

“வாங்க, சார்கிட்ட போலாம்.”

“வேண்டாம் மேடம். நமக்கு காண்ட்ராக்ட் வேலை. சார் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு கேட்லயே நிப்பாட்டிருவாவ.”

“திங்கறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்.”

பாட்டிலையும் அவரையும் கூட்டிக்கொண்டு சார் ரூமுக்குப் போய், பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

சாருக்கு சுகர். டீயில் சர்க்கரை கிடையாது. லேபில் யாருக்காவது பர்த்டே என்று பேடா வந்தால், கணையத்தைப் பற்றி லெக்சர் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களையே தின்ன விடுவார். யோசிக்க ஆரம்பித்தால் மட்டும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. மேஜையில் கிடந்த பேனா மூடிகள் எல்லாவற்றிலும் பல் தடம்.

விஷயத்தைக் கேட்டதும் சாரின் முகம் தொங்கிப்போனது.

“அப்ப சுருங்கலையா?”

“இல்ல சார். பெரிசாப் பொறுக்கி எடுத்திருக்காரு.”

“ஸ்லைடெல்லாம் அனுப்பிட்டேனேம்மா.”

துக்கம் சீக்கிரமே கோபமாகி மாரீஸ்வரன் பக்கம் திரும்பியது.

“க்யா ரே மாரி, வெக்கமா இல்ல? சர்க்கரைக்கு இப்படியா அலைவே? மனுஷனுக்கு நாக்குல கட்டுப்பாடு வேணும்ப்பா. என்னைப் பாரு. டாக்டர் சொன்னதுலேருந்து ஒரு லட்டு தொட்டிருக்கேனா?”

“லட்டு தொட்டதில்ல சார்” என்றார் மாரீஸ்வரன்.

“பாக்கெட்ல என்ன புடைப்பு? எடு.”

தயங்கித் தயங்கி ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

“பார்த்தியாம்மா, வீட்டுக்கு வேற கட்டியிருக்கான்.”

பானுமதி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். பொட்டலத்தில் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள்.

“சார், இது நம்ம உருண்டை இல்ல. ஹோமியோபதிக்காரங்க மருந்து ஊத்தித் தருவாங்களே, அந்த வெறும் சர்க்கரை உருண்டை. நம்மளதைவிடச் சின்னது.”

அவள் மாரீஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, நீங்க எடுக்கல. போட்டுக்கிட்டிருந்தீங்க.”

“தாராவி கடையில இருக்கதுலயே பெரிசு இதுதான் மேடம். பாட்டில் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நீங்க பாவம், சாப்பாட்டை மறந்து அந்த ட்ரம் பக்கத்துலயே கிடந்தீங்க. காலியாயிட்டா திரும்ப முதல்லேருந்து உருட்டணுமேன்னுதான்.”

பானுமதிக்கு அழுகையும் வந்தது, அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் என்றும் வந்தது. இந்த நல்ல மனுஷன் நிரப்பியதில்தான் அவளுடைய சராசரி அத்தனையும் நாசம்.

சார் விடவில்லை. “சரி, நீ போட்டே. எடுத்தது யாரு?”

மாரீஸ்வரன் தரையைப் பார்த்தார். “தெரியாது சார்.”

“உனக்குத் தெரியும். முகத்துலயே தெரியுது. பேரைச் சொல்லு. இல்லேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே.”

“சரி சார். வரல.”

“அண்ணா, பேசாம சொல்லிடுங்க. எவனுக்காகவோ நீங்க ஏன் வேலையை விடணும்?”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

சார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, யோசிக்க ஆரம்பித்தார்.

“லேப் சாவி மாரிகிட்ட இருக்கு. உன்கிட்ட இருக்கு. என்கிட்ட இருக்கு. வெளியாள் வர சான்ஸே இல்ல. அப்ப யாரா இருக்கும்?”

பேசிக்கொண்டே அவர் கை மேஜையைத் தடவி பாட்டிலைக் கண்டுபிடித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டது. அப்படியே வாயில் போட்டது.

“எவனா இருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன்” என்றார், நறுக் நறுக்கென்று மென்றபடி.

பானுமதி திறந்த வாயை மூடவில்லை.

மாரீஸ்வரன் மட்டும் பாட்டிலை மெதுவாக சாரின் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார்.

“சார், இன்னைக்கு சுகர் மாத்திரை போட்டுட்டீங்கல்லா?”