தூங்க வுடுங்க சார்

பிராங்கிளினின் கண்கள் சொருகும்போதெல்லாம் கிருஷ்ணப்பன் அவன் தொடையில் தட்டினார்.

"தம்பி, டீ குடி."

மதியமாகிவிட்டது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த புருஷன் இன்னும் பாயில் தலை சாய்க்கவில்லை. ஜானட் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்மண்டபத்துச் சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டுக்கு சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் வந்தது இதுதான் முதல் தடவை.

விடிகாலையில் கப்பலின் அடித்தொட்டிக்குள் வெல்டிங் வேலைக்கு இறங்கிய, பிராங்கிளினோடு வேலை பார்க்கும் பையன் நிலவன் மேலே வரவில்லை. உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை. கயிறு கட்டி உடலைத்தான் தூக்கினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பிராங்கிளின் அவளிடம் சொன்னான்.

"மீட்டர் வெச்சு காத்து பாக்கலாம்னு சொன்னேன் ஜானட்டு. அந்தாளு கேக்கல. டைமாவுதுன்னு பையன எறக்கி வுட்டுட்டாரு."

சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த ஆளின் பைக் வாசலில் வந்து நின்றது. கையில் பிரியாணிப் பொட்டலம்.

கிருஷ்ணப்பன் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார், என்ன சொல்லப்போகிறாய் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிராங்கிளினும் மீட்டரைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னான். தலை தொங்கினால் தொடையில் ஒரு தட்டு.

ஜானட்டுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் தலையில் ஒயர் ஒட்டுவது அவள் வேலை. ஆழ்ந்த தூக்கத்தில் மூளையிலிருந்து மெல்ல மெல்ல எழும்பும் அலைகளைத் திரையில் தினமும் பார்க்கிறவள். சின்னப் பிள்ளைகளுக்கு அது மலை மலையாக எழும்பும். வயசாக ஆகத் தணிந்துகொண்டே போகும். அன்றைக்கு நடந்ததை மனசில் உட்கார வைப்பதே அந்த அலைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருஷக்கணக்காக ராத்திரி ஷிப்டு பார்க்கிற பிராங்கிளினுக்கு அது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ.

"தூங்க வுடுங்க சார். தூங்கினாத்தான் நடந்ததெல்லாம் மண்டைல நிக்கும். இல்லன்னா நாளைக்கு கொயப்பிடுவாரு."

கிருஷ்ணப்பன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்டியா? அப்போ தூங்கப்போற நேரத்துல காதுல இன்னா வியுதோ, அதுதான் நல்லா நிக்குமாம்மா?"

ஆமாம் என்றாள். படித்ததும் பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொல்வது அதற்குத்தான் என்று விளக்கமும் சொன்னாள்.

அவர் நாற்காலியைப் பிராங்கிளினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் கேள்வி எதுவும் இல்லை. தாழ்ந்த குரலில், கதை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். மீட்டர் பிராங்கிளினின் பொறுப்பு. அவசரத்தில் மறந்துவிட்டான். மனுஷன்தானே, மறக்கிறதுதான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

முதலில் பிராங்கிளின் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். விளக்கு போடுகிற நேரத்தில் அவன் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன.

கிருஷ்ணப்பன் எழுந்து தானே பாயை விரித்தார். லாரி ஹாரன் கேட்காமல் ஜன்னலைச் சாத்தினார். ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"இப்போ தூங்கு தம்பி. நல்லா தூங்கு."

அப்போதுதான் அவருக்குத் தான் சொல்லிக்கொடுத்தது என்னவென்று ஜானட்டுக்கு உறைத்தது.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் புருஷனைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவன் புரண்டு படுத்தான். மூச்சு நீளமாக, நிதானமாக வந்தது. உள்ளே என்ன எழும்பிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் திரை வேண்டியிருக்கவில்லை.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தபோது பிராங்கிளின் முகம் கழுவி, தெளிவாக உட்கார்ந்திருந்தான்.

"மீட்டர் நான்தான் சார் வெச்சிருக்கணும். சூப்பர்வைசர் சாரு சொன்னாரு. நான்தான் கேக்கல."

"பொய் சார்! அவரு வேற மாதிரி நடந்துச்சுன்னு நேத்து எங்கிட்ட சொன்னாரு" என்றாள் ஜானட்.

பொய் சொல்லும்போது பிராங்கிளின் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

இப்போது திரும்பி, அவள் கண்ணுக்குள் நேராகப் பார்த்தான்.

"நான் எப்ப ஜானட்டு அப்டி சொன்னேன்?"