சின்னவன் அணைத்த கணினி

அந்த அறையில் அன்று இருந்தவர்கள்: இறந்துபோன என் தம்பியின் பிள்ளைகள் பெரியவனும் சின்னவனும், பெரியவனின் மனைவி, எங்கள் தங்கை, நான். இல்லாதவர்கள்தான் இன்று தெருவில் அதிகம் பேசுகிறார்கள். குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது சின்னவனின் விரல் மடிக்கணினியின் பொத்தானில் இருந்தது. திரை கறுத்தது. "அப்பா தூங்குறாரு. இதோட ஃபேன் ஓயாம இரைஞ்சுது" என்றான். தங்கைதான் கட்டிலில் கிடந்தவனைத் தொட்டுப் பார்த்து அலறினாள்.

அது பெரியவனின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய மடிக்கணினி. விண்டோஸ் அதில் முக்கி முனகியது. மருமகள்தான் ஒரு பென்டிரைவைச் செருகி, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓட வைத்தாள். தினமும் காலையில், புது ஆளிடம் கேட்பதுபோல், எந்த மொழி வேண்டும் என்று அது கேட்கும். தம்பி பொறுமையாகத் தமிழைத் தொட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேமரா முன்னால் பேசுவான்.

எதைப் பற்றிப் பேசியிருப்பான் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களின் அம்மா குளியலறையில் விழுந்து, தூக்க ஆளில்லாமல் செத்தாள். அன்று ஒரு மகனைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டுத்தான் என் தம்பி வெளியே போயிருந்தான். எவனை என்று அவன் வாய் திறக்கவில்லை. "என்கிட்ட சொல்லல" என்று இருவருமே சாதித்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் பெரியவன் கணினியைத் திறந்தான். எவ்வளவு தேடியும் ஒரு பதிவுகூட இல்லை.

சின்னவனின் சட்டையைப் பிடித்தான். "அம்மாவைக் கொன்னதும் நீ. அப்பா பேச்சை அழிச்சதும் நீ!"

"சத்தியமா எதையும் தொடலண்ணா. அணைக்க மட்டும்தான் செஞ்சேன்."

"அணைச்சா அழிஞ்சிடுமா? யாருக்குடா காது குத்துறே? இனி இந்த வாசப்படி மிதிச்சே, காலை உடைச்சிடுவேன்."

"போகட்டும் விடு" என்றாள் என் தங்கை. "பெத்தவன் வாயை அடைச்ச பிள்ளை நமக்கு எதுக்கு?"

சின்னவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். நானும் தடுக்கவில்லை. மருமகள்தான் குறுக்கே போய் நின்றாள்.

"சின்னவரு சொல்றது நெசம்தான். அது பென்டிரைவ்லயே ஓடுறது. அணைச்சா எதுவும் தங்காது. அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏத்தித் தரேன்னு எத்தனை தடவை கெஞ்சினேன். மாமா வேணாம்னுட்டாரு. தினமும் ராத்திரி அவரே அணைச்சுட்டுத்தான் படுப்பாரு. கடைசி ராத்திரிதான் முடியாமப் போச்சு."

பெரியவன் அவளை முறைத்தான். "அப்புறம் எதுக்கு வாய் வலிக்கப் பேசினாராம்?"

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"சின்னவரு எதையும் அழிக்கல, பெரிய மாமா. அழியணும்னுதான் மாமா பேசினாரு."